கீழ்த்தள மண்டபத்தின் பூச்சுவர் குறித்து

என் பெயரும் வீட்டு முகவரியும் மேலே தனியாக எழுதி வாங்கப்பட்டன. வயது ஐம்பத்திரண்டு. படிப்பு பத்தாம் வகுப்பு, அதையும் இரண்டு தவணையில் முடித்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். மனைவியும் ஒரே மகளும் இருக்கிறார்கள். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மருத்துவமனையிலிருந்து நேராக நானே வந்தேன். கீழ்த்தள மண்டபத்தின் மேனேஜர் அங்கே மூச்சுக்காக வாயில் குழாய் வைத்துப் படுத்திருக்கிறார், பேச முடியாது. அவசர வழியை மறைத்தது அவர் தன் இஷ்டத்துக்குச் செய்த வேலை என்று மண்டபத்தின் முதலாளி போலீஸில் எழுதிக் கொடுத்திருப்பதாக அங்கேயே கேள்விப்பட்டேன். அந்தத் தம்பி எழுந்து வாய் திறப்பதற்குள் பழி அவர்மேல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வந்தேன். என் பேரில் என்ன வருமோ என்ற பயமும் இருக்கிறது. இரண்டில் எது பெரிய பயம் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் காவல் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

என் மகள் நர்ஸ் படிப்பை முடித்து வேலையும் கிடைத்ததால், கூடப் படித்தவர்களையும் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைப்பதென்று முடிவானது. வீட்டிலேயே வைக்கலாம் என்று நான் சொன்னேன். "நம்ம வீட்ல பத்துப் பேர் நின்னா பதினோராவது ஆள் பாத்ரூம்லதான் நிக்கணும்" என்று மனைவி சொன்னாள். அதன் பிறகு விருந்து மண்டபங்கள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவுக்கு மூவரும் போனோம். பகலில் அந்தத் தெரு தூங்குமூஞ்சியாக இருக்கும். ஷட்டர்கள் பாதி இறங்கியிருக்கும், காலி பாட்டில்களைப் பெட்டி பெட்டியாகக் கண்ட இடத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு பாட்டு இறங்கி வந்து நடுத்தெருவில் சண்டை போட்டுக்கொள்ளும்.

முதலில் ஒரு மொட்டைமாடியைப் பார்த்தோம். காற்றில் மேஜைவிரிப்பு பறந்து வந்து என் முகத்தில் அப்பிக்கொண்டது. அதன் பிறகு பார்த்த மண்டபத்தில் நட்டநடுவில் ஒரு தூண் இருந்தது. "உங்க அக்காவை அந்தப் பக்கம் உக்கார வெச்சிடலாம்" என்று நான் சொன்னதால் அடுத்த கட்டடம் வரும்வரை மனைவி என்னோடு பேசவில்லை. அடுத்ததில் கழிப்பறைக்குச் சமையலறை வழியாகப் போகவேண்டியிருந்தது. அதன் பிறகுதான் கீழ்த்தள மண்டபத்துக்குள் இறங்கினோம்.

அங்கே ஒரு சுவரில் பாதியைத் துணிப் பூக்களால் மூடியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக அப்படி. என் மகள் அதைப் பார்த்ததுமே வேறு மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பூக்கள் முடிகிற இடத்தில் ஒரு கதவும் அதற்கு மேல் ஓடுகிற மனிதன் படம் போட்ட பச்சை விளக்குப் பலகையும் இருந்தன. மகள் தன் போனில் எடுத்த படத்தை எனக்குக் காட்டி, "அந்தப் பச்சை மூஞ்சில அடிக்குது பாருப்பா, எல்லாரும் வாந்தி வர்ற மாதிரி நிக்கிறோம்" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மறைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அதைக் கேட்டவன் நான்.

நான் மேனேஜரிடம், "தம்பி, பூவை இன்னும் கொஞ்சம் இழுத்து அந்தப் பலகையையும் சேத்து மூடிட முடியுமா?" என்று கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்ததாகச் சொன்னார். அவர் தயங்கி, "சார், அது கதவு சார்" என்றார். "நம்ம ஆளுங்க சாப்பாடு வர்ற வாசலை விட்டு வேற பக்கம் திரும்பியே பாக்க மாட்டாங்க தம்பி" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு மேனேஜர் எங்கள் முன்னாலேயே படியேறி நின்று போன் செய்து, "முதலாளி, கஸ்டமர் பூவை இழுத்துவிடச் சொல்றாரு, பின்கதவு மறையும், பரவாயில்லையா?" என்று கேட்டார். மறுமுனையில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் "சரிங்க முதலாளி" என்று சொன்னது என் காதில் விழுந்தது, என் மனைவி காதிலும் விழுந்தது. என் வேனில் அவசர வழி என்று எழுதிய ஜன்னலில் ஒரு பிள்ளை புத்தகப்பையை மாட்டினால்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கத்துகிறவன் நான். அன்றைக்கு அந்தக் கத்தல் எங்கே போயிருந்ததோ.

இன்று மதியம் முன்பணம் கொடுப்பதற்காக மகளும் நானும் மறுபடி அங்கே போனோம். பூச்சுவர் மூலை வரை போய் முடிந்திருந்தது. கதவும் தெரியவில்லை, பலகையும் தெரியவில்லை. மேனேஜர் பெருமையோடு காட்டினார், நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்தத் தெருவில் சத்தம் வெளியே போனால் மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் புகார் சொல்லி விருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துச் சோதித்துக் காட்டச் சொன்னேன். கீழ்த்தளத்தில் போன் எடுக்காது. ஆகவே மண்டபத்தின் மட்டத்துக்கே தாழ்ந்திருக்கும் பின்பக்கச் சந்தில் மகள் போய் நிற்பது, சத்தம் கேட்டால் வந்து சொல்வது, கேட்காவிட்டால் நான் வரும்வரை அங்கேயே நிற்பது என்று பேசிக்கொண்டோம். "நீ கத்தினாலும் கேக்குதான்னு பாக்கிறேன், உன் தொண்டையைத் தாண்டி எந்த ஸ்பீக்கரும் வராது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அதன் பிறகு மேனேஜர் சத்தம் வெளியே போகாமலிருக்கப் பஞ்சு வைத்த வாசல் கதவைச் சாத்திவிட்டுப் பாட்டைப் போட்டார். நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. சற்று நேரத்தில் படிக்கட்டுப் பக்கமிருந்து தரையோடு தரையாகப் புகை வந்தது. ஆடுகிற இடத்தில் புகைவிடும் இயந்திரம் இலவசம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், ஆகவே நான் கையை ஆட்டி, "போதும் தம்பி, புகை போதும்" என்று கத்தினேன். அவர் பாட்டைக் குறைத்துவிட்டு என்ன என்று கேட்டார். நான் திரும்பவும் சொன்னேன்.

"சார், நான் மெஷினை இன்னும் போடவே இல்லையே" என்றார்.

நாங்கள் இருவரும் வாசலைப் பார்த்தோம். அதன் பக்கத்தில் இருந்த மின்சாரப் பெட்டியிலிருந்து நெருப்பு வந்துகொண்டிருந்தது. கதவின் பஞ்சும் பற்றிக்கொண்டது. உடனே விளக்குகள் அணைந்தன. பாட்டும் நின்றது. அந்த அமைதியில் பஞ்சு எரிகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் உதவி கேட்டுக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று புரிந்தது. சத்தம் கேட்காதவரை என் மகள் வெளியே சந்தோஷமாக நின்றுகொண்டிருப்பாள். அந்த நேரத்தில் பயத்தில் கால்சட்டை நனைந்துவிட்டது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரி கேட்டார், எழுதுங்கள் என்று சொன்னேன்.

மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கதவு எங்க அண்ணே, எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். எனக்கு இடம் தெரியும். வேண்டாம் என்று முறைத்து முறைத்துப் பார்த்த பலகை அல்லவா. அவரை இழுத்துக்கொண்டு சுவரைத் தடவியபடி மூலைக்குப் போய்ப் பூக்களைப் பிய்த்தேன். கம்பியில் கட்டியிருந்ததால் கை கிழிந்தது. பூக்களுக்கு அடியில் கறுப்புத் துணி இருந்தது, அதையும் கிழித்தோம். பலகையின் பச்சை விளக்கு பேட்டரியில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் வெளிச்சத்தில் மேனேஜரின் முகம் பச்சையாக, வாந்தி வருகிற முகம் போலவே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு இருவரும் கதவைத் தள்ளினோம். ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. வெளியே யாரோ காலி பாட்டில் பெட்டிகளைக் கதவின்மேல் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். மேனேஜர் என் பிடரியைப் பிடித்து என் முகத்தை அந்த இடுக்கில் வைத்து, "நீங்க மூச்சு விடுங்கண்ணே, நான் தள்றேன்" என்றார். அவர் என் பின்னால் புகைக்குள் நின்றுகொண்டு தள்ளினார். நான் அந்த இடுக்கை அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், முகம் நகரவில்லை. "பாப்பா, பாப்பா" என்று கத்தினேன்.

சந்தின் அந்தக் கோடியிலிருந்து என் மகளின் குரல் வந்தது. "கேக்குதுப்பா! பாட்டு கேக்கல, நீ கத்தறது நல்லாவே கேக்குது. சே, இந்த ஹாலும் சரிப்படாது."

நான் வார்த்தை வராமல் இருமினேன். இருமலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவள் இடுக்கில் புகை வருவதைப் பார்த்ததும் கதவை நோக்கிப் பாய்ந்தாள். பெட்டிகளைக் கையால் இழுத்துத் தள்ளினாள். பாட்டில்கள் உடைந்து அவள் கால்களில் குத்தின. கதவு திறந்ததும் நான் வெளியே விழுந்தேன். என் பின்னால் யாரும் வரவில்லை. மேனேஜர் கதவுக்கு உள்பக்கம் கீழே கிடந்தார். மகள் அவரைக் கக்கத்தில் பிடித்துச் சந்துக்கு இழுத்து வந்து, மல்லாக்கப் போட்டு, நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, திரும்ப அழுத்தினாள். அவள் என்ன படித்தாள் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். விருந்து எதற்காக வைக்க நினைத்தோமோ அது அந்தச் சந்தில் உடைந்த கண்ணாடிமேல் நடந்தது. மூச்சு வந்தது. அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது.

மருத்துவமனையில் மகள் என்னிடம், "பச்சை நல்லா இல்லன்னு நான்தானே சொன்னேன்" என்று கேட்டாள். "நிறம் பிடிக்கலன்னு நீ சொன்னே, வழியை அடைக்கச் சொன்னவன் உங்க அப்பன், ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்று சொல்லிவிட்டு இங்கே புறப்பட்டேன். அவளும் காலில் கட்டோடு கூடவே வந்துவிட்டாள்.

மற்ற மண்டபங்களில் வெளியேறும் வழி எங்கே இருந்தது என்று அதிகாரி கேட்டதற்கு, எதிலும் நான் பார்க்கவில்லை என்று பதில் சொன்னேன். மேஜைவிரிப்பு, தூண், கழிப்பறை எல்லாம் நினைவிருக்கிறது.

பூச்சுவரை இழுத்துவிடச் சொன்னது நான். சரி என்று சொன்னது முதலாளி என்று நம்புகிறேன். மேனேஜர் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டு நடந்தவர், கதவென்று முதலில் வாய் திறந்து சொன்னவரும் அவர் ஒருவர்தான். அவர் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் இதை எந்த இடத்திலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய வற்புறுத்தலுக்காகவும் சொல்லவில்லை. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் கையெழுத்திட்டேன். வாக்குமூலம் பதிவாகும்போது அறைக் கதவைச் சாத்துவது வழக்கம் என்றும், வாசலில் உட்கார்ந்திருந்த மகள் அதற்குச் சம்மதிக்காமல் கதவுக்குக் குறுக்கே காலை நீட்டி வைத்திருந்ததால் இது முழுவதும் கதவைத் திறந்து வைத்தே பதிவு செய்யப்பட்டது என்றும் என் வேண்டுகோளின்படி சேர்க்கப்பட்டது.

(கையெழுத்து)