கிட்டாருக்கு இனிஷல்

கொட்டகலையில் கிட்டார் செய்கிறவனுக்கு மரத்தைவிடப் பனிமூட்டத்தோடுதான் மல்லுக்கட்டு அதிகம், ஐயா.

கிட்டாரின் தலையில் பெயர் ஒட்டுவது பார்வைக்குச் சின்ன வேலை. பெயர் அச்சடித்த மெல்லிய ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, விரலால் நீவ வேண்டும். அறையில் ஈரம் இருந்தால் அடியில் வெள்ளை பூத்துவிடும். என் பட்டறையில் அந்த வேலையை மட்டும் நான் செய்வேன். மரம் இழைப்பது, வளைப்பது, நரம்பு கட்டுவது எல்லாம் வினோஜன். கடை என்னுடையது, அதனால் ஒட்டுகிற ‘சுதாகரன்’ என்ற பெயரும் என்னுடையது.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் வினோஜன் சிரித்துக்கொண்டே கேட்டான்:

“புள்ள என்னோடது, இனிஷல் மட்டும் ஒங்களுதாண்ணே?”

கடையே சிரித்தது. “நம்ம சுதாகரனுக்கு நோகாமப் பொறந்த புள்ளைங்க” என்று கடைக்கார இராமையா எடுத்துக்கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை காலமும் எனக்குப் பிள்ளை இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வினோஜன் அதை நினைத்துக் கேட்கவில்லை. கேட்ட பிறகு அவன் முகம் வாடிவிட்டது. நானும் சிரித்தேன்.

பிறகு அவன் தன் பெயரை ஹட்டனில் அச்சடித்துக் கொண்டுவந்தான். “இந்த ஒண்ணுக்கு மட்டும் என் பேர வச்சிக்கிறேண்ணே. நிலக்ஷி ஆசப்படுது.” நிலக்ஷி அவன் மனைவி. சரி என்றேன்.

பின்னாலுள்ள சின்ன அறையின் ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்தேன். ஈரம் வற்றட்டும் என்று கரிச்சட்டியில் கனலை நிரப்பி உள்ளே வைத்தேன். பெயரைத் தானே ஒட்ட வினோஜன் கிட்டாரோடு உள்ளே போனான். அவன் பயப்படவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குளிருக்குக் கரிச்சட்டி வைத்தே வளர்ந்தவன். ஆனால் லயத்துத் தகரக் கூரையில் ஓட்டைகள் உண்டு, காற்று வந்து போகும். என் அறைக்கு நான் கொங்கிரீட் கூரை போட்டிருந்தேன். அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

“கதவச் சாத்துங்கண்ணே, தூசி படும்” என்றான். சாத்தினேன். வெளியே கொண்டியும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினான். “அண்ணே, தல சுத்துது. தொறங்க.”

“இப்பத் தொறந்தா பனி புகுந்துரும்டா. கொஞ்சம் பொறு.”

பொறுத்தான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. பிறகு இன்னொரு முறை தட்டினான், மெதுவாக.

சத்தம் நின்று வெகுநேரம் கழித்துக் கதவை அகலத் திறந்து, காற்று வரவிட்டு, உள்ளே போனேன். மேசைக்கடியில் கிடந்தான். கிட்டாரின் தலையில் ‘வினோஜன்’ என்ற பெயர் ஒரு கொப்புளமும் இல்லாமல் படிந்திருந்தது. நான்கூட அவ்வளவு சுத்தமாக ஒட்டியதில்லை. அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். என் பெயரை ஊறவைத்து ஒட்டினேன்.

அப்போதும் அவனுக்கு மூச்சு இருந்தது, ஐயா. ஆனால் ஸ்டிக்கர் காயுமுன் கையை எடுத்தால் கோணிவிடும். அது காய்ந்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். அவன் செய்ததிலேயே நல்ல கிட்டார் அதுதான். அவசரத்தில் அது பாழாவதை வினோஜனே பொறுத்திருக்க மாட்டான்.