ஹார்பர் ரோட்டில் நின்ற வண்டி

அந்தப் பக்கம் கதவத் தொறக்காதீங்க அண்ணாச்சி, கண்டெய்னர் லாரி வாரான், ஒரசிட்டுப் போயிருவான். பதறாதீங்க. ஏலே, ஏன் ஹாரன் அடிச்சே சாகுத, வண்டி நின்னுட்டுன்னு தெரியலியா உனக்கு? அவன விடுங்க. நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல.

முழங்காலக் கொஞ்சம் நவட்டுங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ கைய விடணும். ம்... இந்தா. இப்ப சாவியத் திருப்புங்க. பாத்தீங்களா, எடுத்துட்டு! அப்படியே உப்பளத்துப் பக்கமா ஓரங்கட்டிருங்க. பைய, பைய, மண்ணு இளகிக் கெடக்கும். போதும்.

என்ன அப்படிப் பாக்கீங்க? ஆமா, தேடாமத்தான் கைய விட்டேன். பெட்ரோல் பம்புக்குப் போற பியூஸு லூசு. காலைல நல்லா அமுக்கித்தான் விட்டேன். அந்தக் குழியில எறங்கி ஏறுனதுல கழண்டுட்டு.

இருங்க அண்ணாச்சி, கோவிச்சிக்கிட்டு எறங்காதீங்க. எட்டயபுரத்துலேருந்து பஸ் ஏறி வந்த மனுசன்ட்ட நான் பொய் சொல்லுவனா? உப்புக்காத்துல அடித்தகடு அரிச்சிருக்குன்னு ஜாக்கி போட்டுக் காட்டுனம்லா. ஏசி குளுராதுன்னேன். பின்கதவு உள்ளேருந்து தொறக்காதுன்னேன். விக்க வந்தவ பேசுத பேச்சா இதுன்னு நீங்கதான சிரிச்சீங்க? இது ஒண்ணத்தான் சொல்லல. சொன்னா, ஏன்னு கேப்பீங்க.

மெக்கானிக் எஸ்றா அண்ணன்ட்ட வேணாக் கேளுங்க. இஞ்சின்ல ஒரு குறையும் கெடயாது. அந்த பியூஸு மாட்டுத இடத்த இறுக்கிக் குடுத்தா மலை கூட ஏறும்.

எங்க அப்பாட்டயா? வேண்டாம். போன உள்ள வைங்க அண்ணாச்சி, தயவு செஞ்சு. அப்பாவும் அம்மாவும் திருச்செந்தூர் போயிருக்காவ. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவாவ. அவிய வரும்போது இந்த வண்டி எங்க வாசல்ல நிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

அய்யய்யோ, திருட்டு வண்டியெல்லாம் இல்ல! ஆர்.சி. புக்குல சண்முகப்ரியான்னு எம்பேரு இருக்கத நீங்கதான பாத்தீங்க. நான் பி.காம். முடிச்ச உடனே அப்பாவே மாத்தித் தந்தது. படிச்ச பிள்ள கையெழுத்துப் போட ஒரு சொத்து வேண்டாமான்னாவ. எங்க வீட்டுல அதுவரைக்கும் எவரும் காலேஜ் வாசல மிதிச்சதில்லல்லா, அவியளுக்கு அப்படி ஒரு பெருமை.

சரி, சொல்லுதேன். தெனமும் கழத்திக் கழத்தி மாட்டுனா எதுதான் லூசாகாது? ஆபீசுக்குக் கெளம்பும்போது பியூஸக் கழத்தி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிடுவேன். எங்கயாச்சும் போகணும்னா மாட்டுவேன்.

கள்ளனுக்குப் பயந்தா? இந்தப் பழச எவன் தூக்குவான்! எங்க அப்பாவுக்குப் பயந்துதான்.

சாவிய ஒளிச்சுப் பாத்தோம் அண்ணாச்சி. வீட்டையே தலகீழாக்கிட்டாவ. அம்மாவ அடிக்கக் கைய ஓங்கிட்டாவ. தன் கடையில வேலைக்கு நிக்க பயலயே அதட்டத் தெரியாத மனுசன். ஆனா சாவி கையில இருந்து, வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா மட்டும் கோவமே வராது. ரெண்டு மூணு தடவ சாவியத் திருப்பிப் பாப்பாவ, எறங்கி பானட்டத் தடவிக் குடுப்பாவ. பாவம்ளா, வயசாயிட்டுல்லா அதுக்கு, ஏசாதீங்கன்னு எங்களுக்குச் சொல்லுவாவ.

போன வாரம் ஒரு நா அவசரத்துல கழத்தாமப் போயிட்டேன். ஆபீஸ்ல இருக்கேன், அப்பா நம்பர்லேருந்து வேற யாரோ பேசுதாரு. கீழவைப்பார் கடக்கரையில வண்டி நிக்கி, பெரியவரு உள்ளயே உக்காந்திருக்காரு, எங்க போகணும்னு கேட்டா முழிக்காருன்னு. பஸ்ஸப் பிடிச்சு ஓடுனேன்.

அழல, அழல. உப்பளத்து வெளிச்சம், கண்ணு கூசுது.

என்னையப் பாத்ததும் கண்ணாடிய எறக்குனாவ. ஏளா, நீ யாரு வீட்டுப் பிள்ள, இங்கன தனியா நிக்க? ஏறு, உங்க வீட்டுல விடுதேன்னாவ.

என்ன செய்ய, ஏறுனேன். நான் ஓட்டுதேன்னேன், சாவியத் தரமாட்டேன்னுட்டாவ. ஹேண்ட் பிரேக்குல வச்ச கைய எடுக்காம, இடது, வலதுன்னு வழி சொல்லிக்கிட்டே கூட்டிட்டு வந்தேன். எங்க வாசல்ல நிப்பாட்டி, எனக்குப் புத்தி வேற சொன்னாவ. இன்னமே தெரியாதவங்க வண்டில ஏறாதளான்னு.

சரிங்கய்யான்னு எறங்குனேன்.

ஆஃப் பண்ணாதீங்க அண்ணாச்சி, ஓடட்டும். இப்படியே ஊருக்கு ஓட்டிருங்க, ரூவாயும் கையெழுத்தும் பொறவு பாத்துக்கிடலாம். நான் இங்கன எறங்கி நடந்துக்கிடுதேன்.