இலைக்கு அடித்த மருந்து

உங்கள் மேசை ஓரத்துச் செடிக்கு மாவுப்பூச்சி பிடித்திருக்கிறது, மேடம். தூசி என்று விட்டுவிடாதீர்கள். காம்பு தண்டோடு சேருகிற இடத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான். பெரிய மருந்தெல்லாம் தேவையில்லை. தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய், அது கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் போதும். இலையின் மேல்பக்கம் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று பலர் போய்விடுகிறார்கள். பூச்சி குடியிருப்பது அடிப்பக்கத்தில். இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதுதான் வேலை. அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிற கம்பெனியில் இருக்கிறேன். வரவேற்பறை, மாடித் திருப்பம், மேனேஜர் அறை என்று போய்த் தண்ணீர் ஊற்றி, இலை துடைத்து, பூச்சி தெரிந்தால் மருந்து அடித்துவிட்டு வருவேன். அங்கே யாரும் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. செடி வாடினால் மட்டும் போன் வரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தங்கையைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

அம்மா போனபோது அவளுக்கு நடை பழகவில்லை. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவளை எடுத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் முதுகை நிமிர்த்தி என் மேல் சாய்த்துக்கொள்வேன். "அக்கா, போகாதக்கா" என்று என் விரலைப் பிடித்துக்கொள்வாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். நான் அசைய மாட்டேன். மற்ற நாட்களில் அவளும் எல்லாப் பெண்களையும் போலத்தான். தோழிகள், அரட்டை, நான் வாயைத் திறந்தால் எரிச்சல். இளைப்பு வந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுவாள். எனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமலே செய்தேன்.

பிறகு அவள் ஒரு லிப்ட் மெக்கானிக்கை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர். மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவர் மோசமானவராக இருந்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது, அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். அவர் வீட்டிலிருந்த தரைவிரிப்புகளைச் சுருட்டித் தூரப் போட்டார். தலையணை உறைகளை வெந்நீரில் தானே அலசினார். வெளிப் புழுதி அவளுக்கு ஆகாது என்று ஜன்னல் ஓரம் முழுக்கத் தொட்டிச் செடிகளாகக் கொண்டுவந்து அடுக்கினார். அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு இளைப்பு நின்றுபோனது.

ஒருநாள் வேலையில் இருக்கும்போது போன் செய்தாள். "அக்கா, இன்னைக்கு லிப்ட் ஓடல. நாங்க படியிலயே ஏறி வந்துட்டோம். ஒரு இடத்துலகூட நான் நிக்கல தெரியுமா!"

"லிப்ட் மெக்கானிக் பொண்டாட்டி படியேறுறாளா? ஊர் சிரிக்கப்போகுது" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தால் இருமுவாள். அன்றைக்கு இருமவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தேன், துடைத்துக்கொண்டிருந்த இலை காம்போடு என் கையில் வந்திருந்தது.

எங்கள் கம்பெனியில் நோய்ப்பட்ட செடிகளை ஒரு கொட்டகையில் தனியாக வைத்திருப்போம். அதிலிருந்து ஒன்றை எடுத்து, மேலுக்குத் துடைத்து, அவள் பிறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டுமென்றேதானா என்று கேட்பீர்கள். ஆமாம். அவர்களுக்கு என் உதவி தேவைப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தவறு என்று அப்போது தோன்றவில்லை.

அந்தச் செடியிலிருந்த மாவுப்பூச்சி அடுத்தடுத்த தொட்டிகளுக்குப் பரவியது. எதிர்பார்த்தபடி என்னைக் கூப்பிட்டார்கள். பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்து வடிகட்டி, ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோனேன். தங்கை கணவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இந்த நெடி இவளுக்கு ஒத்துக்குமாக்கா?"

"எல்லாம் சமையல்கட்டுச் சாமான்தானே தம்பி. கடையில விக்கிறதுதான் விஷம்" என்றேன்.

இலைகளுக்கு அடித்த அன்று சாயங்காலமே அவளுக்கு மூச்சு இழுத்தது. நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். அவளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். "போகாதக்கா" என்றாள். அவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கதவருகே நின்றார், சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி. மேடம், உண்மையைச் சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறேன். அது என் வாழ்க்கையில் நல்ல வாரம்.

ஆனால் அவர் விவரமானவர். என் பாட்டிலைக் கழுவி ஊற்றினார். ஜன்னல்களைத் திறந்து வைத்தார். வெறும் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பூச்சியைத் தேய்த்து எடுத்தார். செடிகள் துளிர்த்தன. அவளும் எழுந்து நடமாடினாள்.

"நீ போய் உன் வேலையப் பாருக்கா. பாவம், எத்தனை நாள்தான் இங்கயே கிடப்ப? இவர்தான் இருக்காரே" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் மறுபடி போனேன். அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். சாரல் அடித்ததால் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, செடிக்கு அடிக்கிற பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு, நான் காய்ச்சிக் கொண்டுவந்த பூண்டு மிளகாய்ச் சாற்றை ஊற்றினேன். முன்பைவிடக் காரமாகத்தான் காய்ச்சியிருந்தேன். நெடி தெரியாதிருக்க மேலே வேப்பெண்ணெய் விட்டேன். அலமாரியில் அவள் வைத்திருந்த இன்ஹேலரை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கைப்பையில் இருந்த இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். அவள் ஈரத் தலையோடு வந்து காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இலைகளுக்கு அடிப்பது அவள் வழக்கம்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மாடி கீழே, படிக்கட்டுத் திருப்பத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணக்கு இதுதான். அவள் கூப்பிடுவாள். நான் ஓடுவேன். இன்ஹேலரைக் கொடுப்பேன். பக்கத்தில் இருப்பேன். இதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன் வரவில்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டு நானே மேலே போனேன். என்னிடம் ஒரு சாவி இருந்தது. நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். உதடு நீலமாகியிருந்தது. கையில் போன். வாங்கிப் பார்த்தேன். விடாமல் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவருக்குப் போன் எப்படிக் கேட்கும்? என் எண் அதில் எங்கேயும் இல்லை.

அவளை எடுத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். அடையாளம் தெரிந்தது அவளுக்கு. ஆனால் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"அவர்... எங்க?" என்றாள்.

பை என் தோளில்தான் இருந்தது. திறப்பதற்கு ஒரு நொடி ஆகாது. அக்கா என்று ஒருமுறை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். "அவரக் கூப்பிடு" என்றாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு அவளால் அதையும் சொல்ல முடியவில்லை. கை சில்லிடும் வரை விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இன்ஹேலர்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

டாக்டர் இளைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். யாருக்கும் சந்தேகமில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் இந்த ஸ்டேஷன் நாற்காலியில் உட்காரவேண்டிய அவசியமே இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தங்கை கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுகிறார். "நான்தான் கொன்னுட்டேன். செடியக் கொண்டுவந்து வெச்சது நான். போன எடுக்காம விட்டது நான்" என்கிறார். எல்லோரும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தேற்றுகிறார்கள். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவள் சிரிப்பை எடுத்துக்கொண்டார், மூச்சை எடுத்துக்கொண்டார், விட்டுக்கொடுத்தேன். இதை விடமாட்டேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவளைக் கொன்றது அவர் இல்லை, நான். கடைசிவரை அவளுக்கு எல்லாம் செய்தது நான்தான்.