பாலம் வரியும் இரண்டாவது கையெழுத்தும்

மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வூதியர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன்னே பேசி என் பேச்சில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட வழக்கறிஞர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், நான் தங்கையாகவே நினைக்கும், மறைந்த என் நண்பரின் துணைவியாரே, அவருடைய அருமை மகளே, வரி கட்டியவர்களும் கட்டாதவர்களுமாக இந்தக் கூடம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வரி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனால், வரி கட்டியவர்கள் இப்படிக் கூடி அழுவார்களா? நானும் அதே அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு இருந்தேன். தெருவில் என்னைக் கண்டால் கடைக்காரர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அவரைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அப்படி என்ன செய்துவிட்டார் அந்த மனிதர்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கூடவே பதினெட்டு ஆண்டாக நான் மூடி வைத்திருக்கும் ஒன்றையும் இன்று சொல்லிவிடப் போகிறேன்.

அவருக்கு ‘ஜாதகக்காரர்’ என்று பெயர் வைத்தவன் நான். எனக்கு ‘முத்திரை’ என்று பெயர் வைத்தவர் அவர். எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் முத்திரை குத்துகிறவன் என்பதால் அந்தப் பெயர். பொய்யில்லை. கையில் முத்திரை இருந்தால் எனக்கு விரல் நமநமவென்று இருக்கும். அவருக்கோ கையில் ஒரு சட்டம் கிடைத்தால் போதும், அது பிறந்த ஊரும் வளர்ந்த கதையும் தெரியாமல் சோறு இறங்காது.

நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம். மேலே வரியின் பெயர். அதன் கீழே இரண்டு கட்டம். ஒன்றில் ‘ஜனங்கள் சம்மதித்த நாள்’, மற்றதில் ‘சம்மதம் முடிந்த நாள்’. ஜன்னலுக்கு வரி, உப்புக்கு வரி, தாடிக்கு வரி என்று உலகத்து அரசர்கள் போட்ட வரிகளெல்லாம் அந்த நோட்டில் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தால் கூடவே நோட்டும் திறக்கும்.

“அண்ணே, ஜன்னலை எண்ணி வரி போட்டாங்க. ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? செங்கல் வெச்சு ஜன்னலை அடைச்சுட்டு இருட்டுல உக்காந்தாங்க!”

“சரிடா, இப்ப அதுக்கு என்ன? சாப்பிடு.”

“அதில்லண்ணே. சண்டைக்காகத் தற்காலிகமாப் போடுறோம்னு சொன்ன வரி, சண்டை முடிஞ்சு சண்டை போட்டவன் பேரன் காலம் வரைக்கும் ஓடுது. தற்காலிகம்னு பொறந்ததுதான் தீர்க்காயுசு!”

நாங்கள் சிரிப்போம். அவருடைய டப்பாவில் இருந்ததை அதற்குள் நான் காலி செய்திருப்பேன்.

பெரியோர்களே! அந்தப் பேச்செல்லாம் வெறும் பேச்சில்லை என்று காட்ட ஒரு வியாழக்கிழமை வந்தது. அப்போது எங்கள் பிரிவில் அதிகாரிகள் இரண்டே பேர், அவரும் நானும். எங்களுக்கு மேலே ஒரு மேலதிகாரி. எங்கள் மேசையில் இருந்த வரிக்குப் ‘பாலம் வரி’ என்று பெயர். வெள்ளத்தில் பழைய பாலம் போய்விட்டதால், புதுப் பாலம் கட்ட நகரத்துக் கடைகளின் மேல் போட்ட கூடுதல் வரி அது. அன்று சலவைக் கடை அம்மா ஒருவர் கையில் எங்கள் நோட்டீசோடு வந்து நின்றார். வரி பாக்கிக்காகத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கடைக்குச் சீல் வைக்க உத்தரவு. கடைக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறைதான் அவருடைய வீடு. அதற்கும் சேர்த்துத்தான் பூட்டு.

“ஐயா, அந்தப் பாலத்து மேலதான் நடந்து வந்தேன். நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. கட்டி முடிச்சு அஞ்சு வருஷம் ஆகுது. இன்னும் அதுக்கு எதுக்குய்யா வரி?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏம்மா, கல்யாணம் முடிஞ்சா கல்யாணக் கடன் முடிஞ்சிடுதா?” என்றேன். அலுவலகமே சிரித்தது. நம் ஜாதகக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணே, உலகத்து வரிக்கெல்லாம் ஜாதகம் எழுதினேன். என் மேசையில இருக்கிற வரிக்கு எழுதலையே!”

ஆவண அறைக்குப் போனவர், தலைமுடியெல்லாம் தூசியோடு சாயங்காலம்தான் திரும்பி வந்தார். கையில் பாலம் வரிச் சட்டத்தின் மூலப் பிரதி. கடைசிப் பிரிவில் விரலை வைத்துக் காட்டினார். எட்டு ஆண்டுகள் ஆனதும் இந்தச் சட்டம் தானாகவே செயலற்றுப் போகும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை மறுபடி கூடி நீட்டித்தால் ஒழிய. சபை நீட்டிக்கவே இல்லை. எட்டு ஆண்டு முடிந்து, அதற்கு மேலும் இரண்டு ஆண்டு நான்கு மாதம் நாங்கள் வசூலித்துக்கொண்டிருந்தோம்!

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். யாரும் திருடவில்லை, ஐயா. எங்களிடம் அச்சடித்த நோட்டீஸ் படிவம் இருந்தது. கட்டு தீர்ந்தால் ஒரு பழைய படிவத்தை அச்சகத்துக்கு அனுப்பி, “இதேபோல இன்னும் ரெண்டு கட்டு” என்போம். எந்தப் பிரிவின் கீழ் வரி என்பது படிவத்தில் இருந்தது. எந்த நாள்வரை என்பது இல்லை. படிவம் இருந்தது, அதனால் வரியும் இருந்தது. அத்தனை நோட்டீசிலும் கையெழுத்து அவருடையது, முத்திரை என்னுடையது.

அன்றே அறிக்கை எழுதினார். ‘இந்த வரியை வசூலிக்க இன்று சட்டம் இல்லை. சலவைக் கடைக்குச் சீல் வைக்கும் உத்தரவு செல்லாது. கடைசிப் பிரிவைப் படிக்காதது எங்கள் பிழை.’ கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். இரண்டு பேரும் போட்டால் அது பிரிவின் அறிக்கை. ஒருவர் மட்டும் போட்டால், அந்த ஒருவர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட கடிதம். அது எங்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும். அந்த ஆண்டு எங்களில் ஒருவருக்குப் பதவி உயர்வு என்பதும் தெரியும்.

“வேண்டாம்டா. அந்தம்மாவுக்கு மட்டும் தவணை கொடுத்து அனுப்பிடலாம். மத்ததை மூடி வை. யார் கேக்கப் போறா?” என்றேன் நான்.

“அவங்கதான் கேட்டுட்டாங்களேண்ணே. ஜனங்க எட்டு வருஷத்துக்குச் சரின்னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒரு காசு வாங்கினாலும் அதுக்குப் பேரு வரியில்லை.”

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆம், பெரியோர்களே! எதிலும் படிக்காமல் முத்திரை குத்தும் இந்தக் கை, படித்துப் பார்த்த ஒரே தாளில் கையெழுத்துப் போடவில்லை. அவர் கோபப்படவில்லை. தன் பெயரை மட்டும் எழுதி, தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனார்.

திங்கட்கிழமை சலவைக் கடை பத்து மணிக்குத் திறந்தே இருந்தது. பாலம் வரி அந்த மாதத்தோடு நின்றது. அவரை ஆவண அறைக்குத் தூக்கிப் போட்டார்கள். ஓய்வு பெறும் நாள் வரை அங்கேதான் இருந்தார். பதவி உயர்வு யாருக்கு வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் வாழ்த்துச் சொல்ல அவரே வந்தார். நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஒரு கால் குட்டை. காகிதம் மடிச்சு வைங்க. பழைய படிவத்தை மட்டும் வெச்சிடாதீங்க” என்றார். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்!

அதோடு விட்டாரா? கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் கெடு உண்டு. ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்குத் தன் கைக்காசில் தபால்தலை வாங்கிக் கடிதம் போட்டார். உறையை ஒட்டியது இதோ இருக்கும் என் தங்கை. “எங்க கல்யாணப் பத்திரிகைகூட இத்தனை ஒட்டலைண்ணா, நாக்கே மரத்துப்போச்சு” என்று என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா, அம்மா? சிரிக்கிறீர்கள். அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அந்தச் சலவைக் கடை அம்மா அதோ கடைசி வரிசையில், தூணை ஒட்டி நிற்கிறார். நம் ஜாதகக்காரருக்குச் சட்டை இஸ்திரி போட்டதற்குக் காசு வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! நம்மவர் கேட்டாரா? “லஞ்சம் வாங்கினேன்னு இந்த வயசுல பேர் வேணுமாம்மா?” என்று காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் சட்டையை எடுப்பாராம். இன்று காலை அந்த அம்மா என்னிடம், “இன்னும் மூணு சட்டை மடிச்சபடியே இருக்குய்யா. யார்கிட்ட குடுக்கிறது?” என்று கேட்டார்.

போன வாரம் அவருடைய மகள் நீல நோட்டை என் கையில் கொடுத்து, “பெரியப்பா, அப்பா இதை உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு” என்றாள். கடைசியாக எழுதிய பக்கம் பாலம் வரி. சம்மதித்த நாள் இருக்கிறது. முடிந்த நாள் இருக்கிறது. ‘உண்மையில் நிறுத்திய நாள்’ என்று அவரே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறார். அதன் கீழே ‘முதலில் கவனித்தவர்: சலவைக் கடை அம்மா’ என்று எழுதியிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் அந்த அறிக்கையின் நகலை ஒட்டியிருக்கிறார். முதல் இடத்தில் அவர் கையெழுத்து. இரண்டாவது இடம் காலி. அங்கே பென்சிலில், அழித்தால் தெரியாத அளவுக்கு லேசாக, ‘அண்ணனுக்கு’ என்று எழுதியிருக்கிறது.

பதினெட்டு ஆண்டில் ஒருமுறைகூட அவர் இதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை!

என் அன்புத் தம்பி! நீ தொடங்கிய இந்த நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது. வரும் சனிக்கிழமை முதல் இந்தக் கூடத்தின் வாசலருகே சங்கத்து நண்பர்களோடு நானும் ஒரு மேசை போட்டு உட்காரப் போகிறேன். யார் எந்த வரி நோட்டீசைக் கொண்டுவந்தாலும், அது எந்தச் சட்டம், எதுவரைக்கும் செல்லும் என்று கடைசிப் பிரிவுவரை படித்துச் சொல்வோம். சலவைக் கடை அம்மா, உங்கள் நோட்டீஸ் வந்தால் முதல் ஆளாக வாருங்கள். இந்த முறை நான் சிரிக்க மாட்டேன்.

தலைவர் அவர்களே, உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். என் முத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அறிக்கையை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படித்துவிட்டேன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும், தம்பி எனக்காக விட்டுவைத்த இடத்தில், இதோ கையெழுத்துப் போடுகிறேன்.