கோயிலை மாறிச் சுற்றிய ஸ்கேட்போர்ட்

யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் கஜனும் நிரூபனும் இருந்தார்கள். கஜனோடு சேர்ந்து மோட்டர் பூட்டிய ஸ்கேட்போர்ட் செய்த சுதன் வரவில்லை. பெயர்களெல்லாம் அவர்கள் கதைத்ததில் தெரிந்தவை. பலகை கஜனின் மடியில் இருந்தது.

"கோயிலை மாறிச் சுத்தினது சுதனில்லையடா, மோட்டர்," என்றான் கஜன்.

"கோயிலடியிலையோ ஓட்டினியள்?"

"தேர் வீதியிலை. ஊரிலை வேறை எங்கை குழியில்லாத றோட்டு? சுதன் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் ஏறினவன். வலமாப் போக நிண்டு ரிமோட்டை அமத்த, பலகை அவனைப் பின்பக்கமா இழுத்துக்கொண்டு போயிட்டுது."

"வயரை மாத்திக் குடுத்திட்டியள்."

"ஓம், மோட்டருக்குப் போற மூண்டு வயரிலை ரெண்டு மாறீட்டுது. அவன் பயத்திலை ரிமோட்டிலை இருந்து கையை எடுக்கேல்லை. இடமா ஒரு மூலை திரும்பி, கோயில் மனேச்சரின்ரை காலடியிலைதான் நிண்டது."

"பறிச்சிருப்பாரே?"

"பறிச்சிட்டார். நாலு மாச வேலை போச்சுதெண்டு எனக்குக் கண் கலங்கீட்டுது. பிறகு, 'மாறிச் சுத்தினதுக்கு வலமா மூண்டுதரம் சுத்தித் தேங்காய் உடையுங்கோ, பலகையைத் தாறன்' எண்டார். சுதன் கேட்டான், 'ஐயா, நடந்தோ, உதிலையோ?'"

"உவன் கேப்பான்."

"மனுசன் சிரிச்சுப்போட்டு, 'முதல் வயரைச் சரியாக் குடு, உதிலையே சுத்து' எண்டார். மூண்டு சுத்தும் விழேல்லை. நாலாவது சுத்து அவர் ஏறினவர்."

நிரூபன் சிரித்து முடிக்க இரண்டு தரிப்பிடம் எடுத்தது. "அப்ப எல்லாமா எவ்வளவு முடிஞ்சுது?"

"சாமானுக்கு நாப்பதாயிரம். தேங்காயோடை நாப்பதாயிரத்து இருநூறு."