மணியாச்சியில் மாறும் வண்டி

கோமு: பையப் பேசுங்கோ. உங்க அத்தை ஆத்தங்கரையிலேருந்து வர நேரம்.

நாணு: வரட்டுமே. ராமேஸ்வரம் போறோம்னு அக்ரகாரத்துக்கே சொல்லியாச்சு. ராமேஸ்வரத்தைப் பத்திப் பேசினா என்ன தப்பு?

கோமு: நீங்க பேசிண்டிருக்கறது கண்டியைப் பத்தி.

நாணு: அதுவும் சரிதான்... சரி, பையவே பேசறேன். கேளு. கண்டியில ஊர் நடுவுல ஒரு ஏரி. கரையில பழைய ராஜாவோட அரண்மனை. அங்கேருந்து ரயில் ஏறினா மலைக்கு மேல நுவரெலியா. மேகம் வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துக்குமாம்.

கோமு: டிக்கெட் வாங்காமலா?

நாணு: கிண்டல் பண்ணாதே. அப்புறம் அநுராதபுரம். ரெண்டாயிரம் வருஷத்து ஊர். எங்க கோர்ட்டு ஹெட் கிளார்க் ஞானையா போயிட்டு வந்து ஒரு மாசமா அதையேதான் பேசிண்டிருக்கார்.

கோமு: அவர் பேசுவார். அவா வேதக்காரா, கிறிஸ்தவா. கப்பல் ஏறிட்டு வந்தா ஸ்தோத்திரம் சொல்லி உள்ளே கூப்பிடுவா. நம்மளவா? சேஷய்யர் பிள்ளை ரங்கூன் போயிட்டு வந்து பட்ட பாடு மறந்துபோச்சா? அவாத்துத் திவசத்துக்கு ஒரு வைதிகர் படியேறலை.

நாணு: சேஷய்யர் பிள்ளை அசடு. ரங்கூன் போறேன்னு ரங்கூனுக்கே போனான். நான் அப்படியா? ராமேஸ்வரம்னுட்டுக் கொழும்பு போறேன்.

கோமு: இதுல பெருமை வேற... ஆவணியில என் தங்கை விசாலத்துக்குக் கல்யாணம். அவ அக்கா கடல் தாண்டினவன்னு மாப்பிள்ளை ஆத்துக்காரா காதுல விழுந்தா என்ன ஆகும்? கல்யாணமே நின்னுடும்.

நாணு: அவ்வளவு பயமா இருந்தா வேண்டாம். விட்டுடுவோம்.

கோமு: விடுங்கோன்னு யார் சொன்னா?

நாணு: நீதானே இப்போ...

கோமு: பயமா இருக்குன்னேன். வேண்டாம்னு சொன்னேனா? இந்த ஆத்துக்கு வந்ததுலேருந்து இந்த அடுப்பு, இந்தப் படித்துறை, இந்தத் தெரு. அந்த மேகம் வந்து உட்காருமே... அதை ஒரு தடவை பார்த்துடணும். அவ்வளவு ஆசையா இருக்குன்னா.

நாணு: அப்படிச் சொல்லு! ராமரே போன ஊர். அவர் திரும்பி வந்தப்போ அயோத்தியில பட்டாபிஷேகம் பண்ணினாளா, பந்தியிலேருந்து தள்ளி வச்சாளா?

கோமு: அவர் போகும்போது பாலம் கட்டி நடந்துதான் போனார். கப்பல் ஏறலை.

நாணு: அனுமார்? ஒரே தாவு. எந்தச் சாஸ்திரிகள் அவருக்குப் பிராயச்சித்தம்னு பஞ்சகவ்யம் கொடுத்தார்? அதுவும் நாம ஏறப்போறது சுதேசிக் கப்பல். தேசபக்தியில தோஷம் பாதி கழிஞ்சுடும்.

கோமு: மீதிப் பாதி?

நாணு: மீதிப் பாதி மணியாச்சியில. நம்ம ஸ்டேஷன்ல வழியனுப்ப வரவாளுக்கு என்ன தெரியும்? ராமேஸ்வரம் போனாலும் மணியாச்சியில வண்டி மாறணும், தூத்துக்குடி போனாலும் மாறணும். அங்கன இறங்கி, வடக்கே போற வண்டியில ஏறாம தெற்கே போற வண்டியில ஏறிட வேண்டியது. யார் பார்க்கப்போறா?

கோமு: அது சரி... கொழும்புல எங்கே சாப்பிடறது?

நாணு: அதான் இன்னும் தெரியலை. ஞானையாகிட்டக் கேட்டா அவர் சொல்ற ஹோட்டலுக்குள்ள நாம மூக்கை நுழைக்க முடியாது.

கோமு: எல்லாம் யோசிச்சேளாம், வயித்தைத் தவிர. இன்னொண்ணு... பிள்ளை வரத்துக்காக ராமேஸ்வரம்னு சொல்லிவச்சிருக்கேளே. அது எனக்கு என்னமோ போல இருக்கு.

நாணு: அதைச் சொன்னதாலேதான் ஒருத்தரும் குறுக்குக் கேள்வி கேட்கலை.

கோமு: அத்தையும் அத்திம்பேரும் அப்படித்தானே போனா? போயும் பிறக்கலை. ராமநாதர்கூட ருக்குவுக்குக் கண் திறக்கலைன்னு இன்னிக்கும் படித்துறையில பேசறா.

நாணு: அத்தை நிஜமா போனா. நாமதான் போகவே போறதில்லையே... உஷ்! வரா.

ருக்கு அத்தை: என்னடா நாணு, கதவை ஒருக்களிச்சுண்டு? ராமேஸ்வரத்துக்கு நாள் பார்க்கறேளா?

நாணு: ஆ... ஆமாம் அத்தை. வர சித்திரையில.

ருக்கு அத்தை: முடிவானதும் சொல்லு. நானும் வரேன்.

கோமு: ஐயையோ!

ருக்கு அத்தை: என்னடி?

கோமு: கால்... கால்ல இடிச்சுண்டேன்.

ருக்கு அத்தை: உட்கார்ந்துண்டே இடிச்சுண்டயா? சமத்துதான்.

நாணு: அத்தை, அங்கே இப்போ பேதி கண்டிருக்காம். உன் உடம்புக்கு...

ருக்கு அத்தை: இந்த உடம்பை வச்சுண்டு யாருக்கு என்ன ஆகணும்? க்ஷேத்திரத்துல போனா புண்ணியம்.

நாணு: வெயில் வேற. சித்திரை வெயில் பொசுக்கிடும் அத்தை.

ருக்கு அத்தை: அப்படியா? பின்னே, கொடியில கம்பளி எதுக்குக் காயறது?

கோமு: கடல் காத்து அத்தை... ராத்திரியில குளிருமாம்.

ருக்கு அத்தை: ரெண்டு கம்பளியா?

நாணு: ரெண்டு பக்கமும் கடல் இல்லையா...

ருக்கு அத்தை: ஓஹோ. இந்தக் கூடை எலுமிச்சம்பழம்?

கோமு: ஓடத்துல தலை சுத்தினா மோந்து பார்க்க.

ருக்கு அத்தை: பாம்பன் ஓடத்துலயா? வெத்தலை போட்டுத் துப்பறதுக்குள்ள அக்கரைன்னு போனவா எல்லாம் சொல்றாளே.

நாணு: போனவா சொல்றாளாவது? நீதான் போயிருக்கியே அத்தை!

ருக்கு அத்தை: ...நான் கண்ணை இறுக்க மூடிண்டுட்டேன்.

கோமு: அத்தை, ராமேஸ்வரம் போறவா எல்லாரும் உங்களைக் கேட்டுண்டுதானே போறா. எங்களுக்கும் சொல்லுங்கோளேன். உங்க வாயால கேட்டுண்டு போனா நீங்களே கூட வந்த மாதிரி...

ருக்கு அத்தை: என்னைத் திண்ணையிலேயே விட்டுட்டுப் போக நன்னா வழி பார்க்கறேடி. என்னத்தைச் சொல்ல? விடிகாலையில பனி. எதிரே வர ஆள் தெரியாது.

நாணு: ராமேஸ்வரத்துல பனியா?

ருக்கு அத்தை: கோயிலுக்கு எதிரே அப்படியே கண்ணாடி மாதிரி ஏரி...

நாணு: ஏரியா!

ருக்கு அத்தை: சமுத்திரத்தைத்தான் அப்படிச் சொல்றேன். நடுவுல பேசாதேடா. சந்நிதியில தட்டுத் தட்டாப் பூ. மேளம் அடிச்சா நெஞ்சுக்குள்ள அதிரும். படி ஏறறப்போ உங்க அத்திம்பேர் என் கையைப் பிடிச்சுண்டார். பட்டப்பகல்ல, நாலு பேர் பார்க்க. இங்கன பிடிச்சிருப்பாரா? ஆத்துக்குள்ளேயே என்னோட நின்னு பேசமாட்டார். அங்கே பிடிச்ச கையை விடவே இல்லை... நல்ல ஊர்டா அது.

கோமு: அத்தை... கண்ணைத் துடைச்சுக்கோங்கோ.

ருக்கு அத்தை: ஈரப் புடவைத் தண்ணிடி. அது கிடக்கட்டும். நாணு, மணியாச்சியில எந்த வண்டிக்கு மாறுவே?

நாணு: வடக்கே போற வண்டிக்குத்தான். மதுரை வண்டி. பின்னே வேற எதுக்கு?

ருக்கு அத்தை: உங்க அத்திம்பேரும் அப்படித்தான் சொன்னார்.

நாணு: ...யார்கிட்ட?

ருக்கு அத்தை: வழியனுப்ப வந்த உங்கப்பாகிட்ட. கோமு, கொழும்புல சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. செட்டியார் தெருவுல கதிரேசன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. ஒரு பாலக்காட்டு மாமி சமைச்சுப் போடுவா. இப்போ இருக்காளோ என்னமோ. ரசம் மட்டும் கொஞ்சம் நீர்க்க இருக்கும்.

கோமு: அத்தை!

நாணு: ஒட்டுக் கேட்டியா?

ருக்கு அத்தை: எதுக்குடா ஒட்டுக் கேட்கணும்? பிள்ளை வரம், ராமேஸ்வரம், கம்பளி, எலுமிச்சம்பழம்... என் பொய்யை எடுத்து எனக்கே சொல்றேள். சொல்லவும் தெரியலை. நாங்க கம்பளியை அரிசி மூட்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோனோம். நீங்க கொடியில போட்டிருக்கேள்.

நாணு: அப்போ நீ ராமேஸ்வரம் போகவே... இரு, இரு. கோடி தீர்த்தம்? ஆத்துக்கு ஆத்து கொடுத்தியே, செப்புச் சொம்புல!

ருக்கு அத்தை: மணியாச்சி ஸ்டேஷன் கிணறு. திரும்பி வரப்போ அத்திம்பேர் இறைச்சு நிரப்பினார்.

நாணு: அப்பாவுக்குக் கடைசியில அதைத்தானே வாயில விட்டே!

ருக்கு அத்தை: விட்டேன். "ருக்கு, சேதுவுல முழுக்குப் போட்ட மாதிரி இருக்கு"ன்னான் அண்ணா. நான் என்ன சொல்லட்டும்? நிம்மதியாத்தான் கண்ணை மூடினான்.

நாணு: சாஸ்திரிகளுக்கு மட்டும் தெரிஞ்சா...

ருக்கு அத்தை: அவருக்கு எப்படித் தெரியும்? உள்ளங்கையில வாங்கி, கண்ணுல ஒத்திண்டு குடிச்சார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

கோமு: சிரிக்காதீங்கோன்னா, தெருவுக்குக் கேட்கும்! அத்தை... அப்போ உங்களுக்கு இன்னொரு தடவை கண்டியைப் பார்க்கணும். அதானே? வாங்கோ. மூணு பேருமா போவோம்.

ருக்கு அத்தை: கண்டியா? இந்த மொட்டைத் தலையோட, அவர் இல்லாம, அந்த ஏரியை நான் என்னத்துக்குடி பார்க்கணும்? நீங்க போங்கோ. நன்னாச் சுத்திப் பாருங்கோ. ஏண்டா நாணு, இவ கையைப் பிடிச்சுண்டு நட, தெரிஞ்சுதா? அதுவரைக்கும் தூத்துக்குடியில என் நாத்தனார் ஆத்துல இருக்கேன். நீங்க கப்பல்லேருந்து இறங்கினதும் மூணு பேருமா ராமேஸ்வரம் போறோம்.

நாணு: நிஜ ராமேஸ்வரமா?

ருக்கு அத்தை: நிஜ ராமேஸ்வரம்.

நாணு: அத்தனை நாள் எனக்கு லீவு கிடைக்காது அத்தை. இப்போ எதுக்கு? ராமேஸ்வரம் போனவன்னு ஊரே உன்னைக் கொண்டாடறது. பேர்தான் வந்தாச்சே!

ருக்கு அத்தை: பேர் எனக்கு வந்தது. பழி யாருக்குடா போச்சு? பிள்ளை பிறக்கலைன்னதும், "சேது வரைக்கும் போய் அழுதாளே, அந்த ராமநாதர்கூட இவளைத் திரும்பிப் பார்க்கலையே"ன்னு அவரைத்தானே சொன்னா? நானும் படித்துறையில நின்னுண்டு, மூக்கைச் சிந்திண்டு, ஆமாம் ஆமாம்னேன். பாவம்டா ராமநாதர்... நான்தான் போய்க் கேட்கவே இல்லையே.