தொப்பியைக் கழற்றிவிட்டுத் திட்டினவன்

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க பாபு. அலைச் சத்தத்துல நான் பேசுறது காதுல விழாது. மீன் கூடையத் தள்ளி வெச்சுட்டேன், வேட்டியில படாது. காகிதத்த மடியில வெச்சுக்குங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன். கல்கத்தாலேருந்து அதுக்குத்தானே வந்திருக்கீங்க? என் தம்பி லச்சய்யா சாவுக்கு உங்க பையன் துர்ஜொய் மேல குத்தமில்லன்னு அக்காக்காரி நான் கைநாட்டு வெக்கணும். என் தம்பிதான் முதல்ல பெத்தவள இழுத்து அசிங்கமாத் திட்டுனான், அதான் பசங்க கை நீட்டிட்டாங்க. அப்படித்தானே எழுதியிருக்கு?

திட்டுனான் பாபு. பொய் சொல்ல மாட்டேன். பூரிக் கடக்கரையே கேட்டுச்சு.

அன்னிக்கு விடிஞ்சதுலேருந்து, யாரும் கடல்ல எறங்கக் கூடாதுன்னு செவப்புக் கொடி. உங்க பையனும் கூட்டாளிங்க ரெண்டு பேரும் முட்டக் குடிச்சிருந்தாங்க. அலை உடையாமக் கொளமாட்டம் கெடந்த எடமாப் பாத்து எறங்கப் போனாங்க. அங்கதான் பாபு உள்ள இழுக்கும். ரதயாத்திரை சமயத்துல ஒரு அப்பனும் மகளும் அப்படித்தான் போனாங்க. மூணாம் நாள் கெடச்சப்ப மூஞ்சி இல்ல.

லச்சய்யா குறுக்க நின்னான். ஐயா, வேணாம், இன்னிக்கு நானே எறங்க மாட்டேன்னான். தள்ளுடா மீன்நாத்தம்னான் ஒருத்தன். லச்சய்யா கழுத்துல தொங்குன விசில எடுத்து ஊதுனான். உங்க பையன் அந்த விசில் கயித்தாலயே கழுத்த இறுக்கி மண்ணுல தரதரன்னு இழுத்தான். கூட இருந்தவன் பாட்டிலால மண்டையில போட்டான். ரத்தம் கண்ணுல ஒழுகுது, அப்பவும் என் தம்பி ஐயா ஐயாங்குறான். நான் மீன் வெட்டுற கத்தியோட ஓடுனேன். கிட்ட வராத அக்கான்னுட்டான்.

மூணு பேரும் சிரிச்சுக்கிட்டே தண்ணிக்குத் திரும்புனாங்க. முழங்கால் வரைக்கும் எறங்கியாச்சு.

அப்பதான் என் தம்பி தலையிலேருந்த கூம்புத் தொப்பியக் கழட்டி என் கையில குடுத்தான்.

உங்களுக்குத் தெரியாது. குளிக்க வர்றவங்க கையப் புடிச்சு எறக்கி ஏத்துற நுலியா நாங்க. நம்பர் போட்ட தொப்பி தலையில இருக்குற வரைக்கும் அவங்கள ஒரு சுடுசொல் சொல்லக் கூடாது, கை ஓங்கக் கூடாது. பதினெட்டு வருசம் போட்டவன் பாபு. பொண்டாட்டியக்கூட வாடி போடின்னதில்ல.

கழட்டிட்டு, உங்க வீட்டம்மாவ, பாவம் அவங்க யாரோ எவரோ, சொன்னான் ஒரு வார்த்த. எனக்கே காது கூசிச்சு. மூணு பேரும் தண்ணிய விட்டுட்டு இவன் மேல பாஞ்சாங்க. ரோட்டுப் பக்கமா ஓடுனான். நெனச்சிருந்தா யாரும் புடிச்சிருக்க முடியாது அவன. அவங்க மூச்சு வாங்கி நின்னா இவனும் நிப்பான், திரும்பி இன்னொரு வார்த்த சொல்லுவான். அப்படியே கொடிக் கம்பத்தத் தாண்டி மேட்டுக்கு ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டான்.

அங்க புடிச்சாங்க. விலா எலும்பு ஒண்ணொண்ணா ஒடிஞ்சுது, காஞ்ச சவுக்குக் குச்சியாட்டம். தடுக்கப் போன எனக்கும் மூக்குல ஒரு குத்து. மிதிச்சு மிதிச்சு ரெண்டு பேரு ஓஞ்சு உக்காந்துட்டாங்க. உங்க பையன் மட்டும், கையெல்லாம் ரத்தம், கடல்ல கழுவிட்டு வர்றேன்னு கெளம்புனான்.

திட்டுறதுக்கு லச்சய்யாவுக்குத் தாடையே இல்ல, தொங்கிருச்சு. ஊர்ந்து போயி உங்க பையன் கால ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டான். உங்க பையன் எட்டி எட்டி ஒதச்சான் பாபு. போலீசு வந்து வெரல ஒண்ணொண்ணாப் பிரிக்கிற வரைக்கும், உசுரு போன பொறகும், அந்தக் கால அவன் விடல.